பதினொரு பல் முன்னால்

1931ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வில்லியனூர் இரும்புக்கடை ஹபீப் முகமது தன் காரில் காலை ஒன்பதரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, அதே நாள் காலை ஒன்பது மணிக்கு மடுகரையில் அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினார். அக்கா ஜொஹரா பீவி அரிசி களைந்துகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்து ஓய்ந்தது. ஹபீப் தன் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அது பத்து என்றது. எது கெட்டுப்போனது என்று தெரியாமல் இருவரும் பக்கத்து வீட்டுக் கரும்பு விவசாயி தணிகைவேலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் நிழலைப் பார்த்து ஒன்பதுதான் என்றார். "அப்ப நீ இன்னும் வூட்ட வுட்டே கெளம்பலியேடா," என்றார் ஜொஹரா பீவி. "அதான் லாத்தா எனக்கும் புரியல," என்றார் தம்பி.

அந்தக் கார் சைகோனிலிருந்து வந்தது. ஹபீப் அங்கே ஒன்பது வருடம் துணி வியாபாரம் செய்தவர். ஊருக்குத் திரும்பும்போது ஒரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரரிடம் அதை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பந்தயத்துக்காகச் செய்த நீல நிற வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, கதவு கிடையாது, மூக்கு மட்டும் ஏழு அடி நீளம். இதில் சரக்கை எங்கே வைப்பது என்று வில்லியனூரில் ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் மழைக்காலத்திலேயே அது நின்றுபோனது. புதுச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்து, மூடியை மறுபடி மூடிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு வீட்டுக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். ஹபீபின் மனைவி தாஜ் நிஷா கல்யாணத்துக்கு முன்பிருந்தே தன் தையல் மெஷினைத் தானே பிரித்து மாட்டுபவர். அவர் கொல்லையில் பழைய பாயை விரித்து, கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் சாக்கட்டியால் எண் போட்டு வரிசையாக வைப்பார். வண்டியோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை இருவராலும் படிக்க முடியாது. படங்கள் இருந்தன, அவை போதும் என்றார் தாஜ் நிஷா.

இந்த ரிப்பேர்களால் ஜொஹரா பீவிக்கும் தாஜ் நிஷாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு நிக்காஹ் வீட்டில், நாலு பேர் நடுவில், ஜொஹரா பீவி, "எந் தம்பி பொண்டாட்டி கட்டல, ஃபிட்டர கட்டிகினு வந்துகிறான்," என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்த தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்துபோன தாஜ் நிஷா, அதன்பின் மூன்று வருடமாக மடுகரைப் பக்கமே போகவில்லை. ஜொஹரா பீவியின் கணவர் சைகோனில் இருந்ததால், வெள்ளிதோறும் ஹபீப் மட்டும் போய் அக்காவைப் பார்த்துவிட்டு ஜும்மாவுக்குத் திரும்பிவிடுவார்.

ஆடியில் நடந்தது இதுதான். வண்டி மேட்டில் இருமத் தொடங்கியது. தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை இருவரும் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். அதன் கியர் சக்கரத்தில் ஒரு கோடு, எஞ்சின் சக்கரத்தில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்று படத்தில் இருந்தது. "ஏங்க, ஒரு பல்லு முன்னால வுழுந்துட்டாப்புல கீது. பிரிச்சிடவா?" என்று கேட்டார் தாஜ் நிஷா. "நல்லாத்தானே ஓடுது, வுடு," என்றார் ஹபீப். அந்த ஒரு பல் ஒரு மணி நேரம் என்பது அவர்களுக்கு அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில்தான் விளங்கியது. போகும்போதும் வரும்போதும் வண்டி, சேர வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகச் சேர்ந்தது. அக்கா வீட்டில் ஹபீப் இரண்டு மணி நேரமாவது இருந்துவிட்டுத்தான் கிளம்புவார். சீக்கிரம் திரும்பினால், இன்னும் புறப்படாத தன்னையே வாசலில் சந்திக்க நேரிடுமோ என்ற பயம். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அவர் இரண்டு ஊரிலும் இருந்தார்; அந்த அரைமணியில் வில்லியனூரில் இட்லி தின்றுகொண்டிருக்கும் அவருக்கு, மடுகரை மீன்குழம்பு ஏப்பமாக வந்தது. இரண்டு பிரெஞ்சு ஊர்களுக்கும் நடுவில் ஆங்கிலேயர் எல்லையில் நின்ற காவலர், இந்த வண்டியை எந்த மணிக்கு நிறுத்துவது என்று புரியாமல் நிறுத்துவதையே விட்டுவிட்டார். சரிசெய்யலாம் என்று இருவரும் பலமுறை பேசினார்கள். எதைச் சரிசெய்வது என்பதில் குழப்பம் இருந்ததால் அப்படியே விட்டார்கள்.

ஐப்பசியில் மடுகரையில் காலரா வந்தது. ஒரு திங்கட்கிழமை ஹபீப் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது காலையிலிருந்தே கையில் ஃபினாயில் வாசனை அடித்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. மாலை நாலரை மணிக்குத் தணிகைவேலின் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இறங்கினார்.

"அக்கா பூட்டாங்க பாய். விடியக்காலைல வாந்தி எடுத்தாங்க. பன்னண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிபோச்சி. வர்ற வழில மேரி ஆபீசுல சொல்லி சாவுக் கணக்குல எழுதிட்டுதான் வரேன்."

ஹபீப் உட்கார்ந்துவிட்டார். தாஜ் நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவு அழுகை தன்னிடம் அந்த நாத்தனாருக்காக இருந்தது என்று அவருக்கே தெரியாது. "மூணு வருசம் பேசாமயே இருந்துட்டேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திக் கணவரைப் பார்த்தார்.

"எந்த மணிக்குப் போய்ச் சேர்ந்தா அவங்க இருப்பாங்க?"

"இன்னா சொல்ற?"

"பல்ல எண்ணுங்க."

அஞ்சரைக்குக் கிளம்பினால் ஆறுக்குப் போய்ச் சேரும். காலை ஏழுக்குச் சேர வேண்டுமென்றால் பதினொரு பல். தாஜ் நிஷா கோட்டிலிருந்து பதினொன்றை விரலால் தொட்டு எண்ணி, சாக்கட்டியால் குறித்து, சக்கரத்தை மாட்டினார். இவ்வளவு முன்னால் தள்ளினால் எஞ்சின் தாங்காது என்று அவருக்குத் தெரியும், கணவரிடமும் சொன்னார். ஹபீப் வில்லியனூர் அரசு வைத்தியசாலையிலிருந்து டாக்டர் மணவாளனை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். எப்போதிலிருந்து வாந்தி என்று டாக்டர் கேட்டார். காலையிலிருந்து என்றார் ஹபீப். அது பொய்யில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற தணிகைவேல், "செத்தவங்களுக்கு எதுக்கு பாய் டாக்டரு?" என்று கேட்டார். ஹபீப் வண்டியைக் கிளப்பினார்.

வண்டி மேற்கே போகப்போக, சாயப்போகும் சூரியன் ஏறத் தொடங்கியது. உச்சியைத் தாண்டி முதுகுப் பக்கமாக இறங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தனக்குத்தான் காய்ச்சல் என்று முடிவு செய்தார். மடுகரையில் பனி இன்னும் காயவில்லை. வாசலில் வண்டி நின்றதும் எஞ்சின் பெரிய சத்தத்தோடு பிளந்து, எண்ணெய் முழுவதும் மண்ணில் கொட்டியது. உள்ளே ஜொஹரா பீவி சுருண்டு கிடந்தார். கண் குழிந்திருந்தது, உயிர் இருந்தது. டாக்டர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு நரம்பில் உப்புநீரை ஏற்றினார். ஹபீப் ஃபினாயில் போட்டுத் தரையைக் கழுவினார். அதே நேரத்தில் டாக்டர் மணவாளன் வில்லியனூரிலும் வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அங்கே மருந்து வாங்கிய இருபது பேர் சாட்சி.

பன்னிரண்டு மணிக்கு ஜொஹரா பீவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தணிகைவேல், மாட்டைப் பூட்டிக்கொண்டு, துண்டை வாயில் அழுத்தி அழுதபடி வில்லியனூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஏன் போகிறார் என்று கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை. பின்னாளில் கேட்டபோது, அக்கா கஞ்சி குடித்ததையும் பார்த்தேன், அக்கா இறந்ததையும் பார்த்தேன், இரண்டில் ஒன்றைத்தான் போய்ச் சொல்ல முடிந்தது என்றார்.

மூன்றாம் நாள் அந்தக் காரை இரண்டு ஜோடி மாடுகள் இழுத்துக்கொண்டு வில்லியனூர் வந்து சேர்ந்தன. தாஜ் நிஷா பிளந்த இரும்பின் மேல் செம்புத்தகடு வைத்து, நெருக்கமாகத் திருகாணி முடுக்கித் துணி தைப்பதுபோலத் தைத்தார். நான்கு மாதத்தில் வண்டி ஓடியது. ஆனால் ஒரு பல் முன்னால் வைத்தாலும் கிளம்ப மறுத்தது. வண்டியின் கதையைக் கேள்விப்பட்டு, தன் செத்த பிள்ளையை நினைத்துக்கொண்டு பாகூரிலிருந்து நடந்தே வந்த ஆதிலட்சுமி என்ற பெண்ணுக்காகத் தாஜ் நிஷா ஒரு நாள் முழுக்க எல்லாப் பல்லையும் மாற்றிமாற்றி வைத்துப் பார்த்தார். வண்டி அசையவில்லை. இருவரும் சேர்ந்து அழுதுவிட்டு, சேர்ந்து சாப்பிட்டார்கள்.

மேரியில், அந்தப் பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், எழுதியது எழுதியதாகவே இருந்தது. ஜொஹரா பீவி நேரில் போய், நான்தான் ஜொஹரா பீவி என்று சொல்லிப் பார்த்தார். குமாஸ்தா இருசப்பன் எழுந்து நாற்காலி போட்டார். "இருக்கலாம்மா. ஆனா நீங்க திங்கக்கெழம பன்னண்டு மணிக்கு மௌத்தாயிட்டீங்க. அத அடிக்கிறதுக்கு எனக்கு அதிகாரமில்ல," என்றார் பணிவாக. வில்லியனூரில் இன்னொரு சிக்கல் இருந்தது. அங்கே எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். தாஜ் நிஷாவின் மனதில் நாத்தனார் ஒருமுறை இறந்திருந்தார். உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அதை இல்லாமல் ஆக்கவில்லை. இறந்தவருக்கு ஓதும் நாற்பதாம் நாள் பாத்தியாவை உயிரோடிருப்பவருக்கு ஓதலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் இரண்டு நாள் யோசித்தார். கண்ணீர் உண்மையென்றால் பாத்தியா ஓதுவதில் தவறில்லை என்றார்.

நாற்பதாம் நாள் வீட்டில் ஆட்கள் கூடியிருந்தபோது ஜொஹரா பீவி வந்து இறங்கினார்.

"யாருக்குடி பாத்தியா?"

"உங்களுக்குத்தான் லாத்தா," என்றார் தாஜ் நிஷா. மூன்று வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

ஜொஹரா பீவி செருப்பை வாசலில் கழற்றினார். பிறகு தாஜ் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்களின் வரிசையில் போய் உட்கார்ந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, தனக்காக ஓதியதற்கு எல்லோரோடும் சேர்ந்து ஆமீன் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பாத்தியா நடந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து ஜொஹரா பீவி முந்தின நாளே வந்துவிடுவார். தன் பாத்தியாவுக்கு நெய்ச்சோற்றை அவரே கிண்டினார். ஆள் அதிகம் வருகிறார்கள், மற்றவர்கள் செய்தால் பத்தாமல் போய்விடுகிறது என்றார்.