தாடியோடு வந்த செய்தி

விளையாடாத விளையாட்டைப் பற்றி எழுதுவதில் நிலாணி கெட்டிக்காரி. ஜப்பானில் மட்டும் வெளிவந்து, வந்த சுவடே தெரியாமல் போன பழைய வீடியோ கேம்களுக்கென்று ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் விக்கி ஒன்று இருந்தது. ஒருவருக்கும் தெரியாத கேம் என்றால் அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவளும் பழைய சஞ்சிகைப் பக்கங்களைத் தோண்டி, கேமை வைத்திருப்பவர்களுக்கு மெயில் போட்டு, ஆளுக்கு ஆள் விசாரித்து ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிடுவாள். பல்கலைக்கழகப் பாடங்களைத் தை மாதத்தோடு மூட்டை கட்டியாயிற்று. வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறும்? விக்கியில் மட்டும், கேட்டால் ஏதோ ஒரு பதில் கிடைத்தது.

மாமாவைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை. அம்மாவின் தம்பி அருள்நாயகம் கடைசியாகப் பேசியது மாசியில், புதுக்குடியிருப்பிலிருந்து. இப்போது வைகாசி, சண்டை முடிந்துவிட்டதென்று கொழும்பு அறிவித்துச் சில நாளாகிறது. அப்பா விடிந்ததும் தமிழர்கள் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுவார். அவர்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணின் சின்ன அப்பார்ட்மென்றில் அம்மா கிருஷ்ணவேணி ரெலிபோனுக்குக் காவல் இருப்பாள். நிலாணி கொம்பியூட்டருக்குக் காவல் இருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலிலிருந்து தியாகலிங்கம் அங்கிள் போன் எடுத்தார். மாமாவோடு ஒன்றாகப் படித்தவர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். அவர் சொன்னது நிலாணிக்கும் கேட்டது.

"தங்கச்சி, அருள் இருக்கிறான். செட்டிக்குளம் அகதிக் காம்பிலை கண்ட ஆக்கள் இருக்கினம். தாடியோட நிக்கிறானாம்."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். சமையலை மறந்து பாணும் பிளேன்ரீயுமாகக் கிடந்த வீட்டில் வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது. பிறகு ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பிள்ளை, அந்தத் தேடுற ஒஃபிசுக்கு அடிச்சுச் சொல்லு. எங்கட ஆள் கிடைச்சிட்டார், இனித் தேட வேண்டாம் எண்டு. பாவங்கள், வேற சனத்தின்ர ஆக்களைத் தேடட்டும்."

காணாமல் போனவர்களைத் தேடித்தரும் நிறுவனம் ஒன்றில் மாமாவின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் தேடுவது அத்தோடு நின்றுவிடும். நிலாணி சந்தோஷமாகத்தான் போனைக் கையில் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

மாமாவாவது தாடியாவது. காய்ச்சலில் கிடந்தாலும் சவரம் எடுக்காமல் வாசல் படலையடிக்குப் போகாத மனிதர் அவர். சித்திரைக் கடைசியில் ஒருநாள் அம்மா சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, "மாமா எப்பிடியும் செட்டிக்குளம் காம்புக்கு வந்திருப்பார் அம்மா, சவரம் எடுக்க பிளேட் கிடையாமல் தாடியோட நிப்பார் பாருங்கோ" என்று சொன்னவள் நிலாணியேதான். அம்மா அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகச் சொன்ன கதை.

அதே காம்ப், அதே தாடி. இதே கூத்து விக்கியிலும் நடந்திருக்கிறது. ஒரு கேமின் படம் கறுப்பு வெள்ளையில் மட்டும் கிடைத்ததால், அதில் வரும் சாவி ஒன்றைப் பச்சை என்று ஊகித்து எழுதிவிட்டாள். வேறொரு தளம் அதை அப்படியே எடுத்துப் போட்டது. பிறகு ஒருவர் வந்து அந்தத் தளத்தையே ஆதாரம் காட்டி, பச்சை என்பது உறுதி என்று விக்கியில் சேர்த்தார். கேமை வைத்திருந்த ஓர் ஆள் வந்து சாவி செம்பு நிறம் என்று சொல்லும்வரை உலகம் முழுக்கப் பச்சைதான். அவள் விட்ட புளுகு ஊரைச் சுற்றி வந்து அவளுக்கே சாட்சி சொன்னது.

பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கிளுக்கு அடித்தாள்.

"அங்கிள், உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சுவிசிலை இருக்கிற றொபேட். அவன் பொய் சொல்லமாட்டான்."

நம்பரை வாங்கி றொபேட்டுக்கு அடித்தாள். "அண்ணை, மாமாவைக் கண்ட ஆக்களோட நீங்கள் கதைச்சனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. ஒஷாவாவிலை உங்கட சின்னம்மா, பேபியக்காதான் சொன்னவா."

அதற்குமேல் ஒருவரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பேபி சின்னம்மா அம்மாவின் தங்கை. அம்மாவோடு நாள் தவறாமல் பேசுபவள். அன்றைக்குச் சிரித்த தாடிக் கதையை அம்மா அவளுக்கும் சொல்லியிருப்பாள். 'வந்திருப்பார்' என்று புறப்பட்டது வாய்க்கு வாய் மாறிக் 'கண்டவை' ஆகியிருக்கும். செட்டிக்குளத்தில் மாமாவை ஒருவரும் காணவில்லை.

"லைன் கிடைச்சிட்டுதோ?" என்று அம்மா பல்கனிக் கதவைத் திறந்து கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் உயிர் இருந்தது. அதைப் பறிக்க நிலாணிக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே வந்து அந்த ஒஃபிசுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

எங்களுக்கு எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை, தயவுசெய்து தேடுவதை நிறுத்திவிடாதீர்கள் என்று நிலாணி ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு வைத்தாள். அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது என்று வீட்டில் பேசிக்கொள்வது வழக்கம். அத்தனை வருடம் வெள்ளைக்காரரின் கந்தோர்களில் மேசையும் தரையும் துடைத்தவளுக்கு இவ்வளவுகூடத் தெரியாமலா இருக்கும்?

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

நிலாணிக்கு அழுகை வந்துவிட்டது. "அது நான் சொன்ன கதை அம்மா. உங்களைச் சாப்பிட வைக்கச் சொன்னது. அதுதான் சின்னம்மாவிட்டைப் போய், சுவிசுக்குப் போய், திரும்ப வந்திருக்கு. ஒருத்தரும் மாமாவைக் காணேல்லை."

திட்டுவாள் என்றுதான் பயந்தாள். அம்மா போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"அவையள் தேடுவினம்தானே?"

"ஓம் அம்மா. நிப்பாட்டமாட்டினம்."

ரெலிபோன் அடித்தது. ஒஷாவா நம்பர். அம்மா எடுத்ததும் பேபி சின்னம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, தியாகலிங்கம் அண்ணை இப்பதான் சொன்னவர். அருள் இருக்கிறானாம், காம்பிலை கண்டவையாம். உனக்குத் தெரியுமோ?" சொல்லும்போதே அவள் விம்மினாள். "கோப்பையிலை சோத்தைப் போட்டு வைச்சுக்கொண்டு இருக்கிறன் அக்கா. நீ ஓம் எண்டு சொன்னாத்தான் எனக்கு இறங்கும்."

அம்மா நிலாணியைப் பார்த்தாள். அம்மா அவள் கையை எட்டிப் பிடித்து, நோகும் அளவுக்கு இறுக்கிக்கொண்டாள்.

"ஓம் பேபி," என்றாள். "நாங்களும் கேள்விப்பட்டனாங்கள். நீ சாப்பிடு."