பொரிக்குப் பயந்த சாமி

மூன்று வருடமாகப் போச்சம்பள்ளிக் கம்பெனி பஸ்ஸில் நான் கர்த்தரைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஏசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளை எல்லோரும் மரியாதையாக வாங்கி, அவற்றில் வைத்து வடையின் எண்ணெயைப் பிழிந்தார்கள். கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். ஒரு ஆத்துமாகூட அசையவில்லை.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொரி படைத்து, எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்கள் மெஷின் லைனைக் கூட்டிப் பெருக்கும் ஜோதியம்மாள் என்னிடமும் நீட்டினார். வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாங்க்கா. படைச்சத நாங்க தின்னக் கூடாது."

"உன் கேக்க ஜெபம் பண்ணிதான குடுத்த? நாங்க தின்னோம். எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. உங்குது அவ்ளோ பெரிய சாமிங்கற, ஒரு கை பொரிக்கா பயப்படுது?"

லைனே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மொத்தப் பொரியையும் வாங்கி வாயில் கொட்டிக்கொண்டேன்.

ஜோதியம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சரி, இப்பச் சொல்லு தம்பி. உங்க ஏசு என்னதான் சொல்றாரு?"

மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். என் வாய் நிறையப் பொரி.