பெல்ட் வேண்டாம்

எலைஜா வாஸ்டெசிகூட்டை வடக்கேயிருந்து விமானத்தில் கனடாவின் வின்னிபெக் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவருக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோயிருந்தது. எழுபது தாண்டிய மனிதர். யார் தொட்டாலும் உடம்பை இறுக்கிக்கொண்டார். முரட்டுக் கிழவர் என்று வார்டில் பெயர் வந்துவிட்டது. கடைசியில் ரோக்ஸானிடம் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்த பிசியோதெரபிஸ்டுகளில் அவரைப்போலவே க்ரீ என்ற பூர்வகுடி இனத்தவள் அவள் ஒருத்திதான்.

"எந்த ஊரும்மா நீ?" என்றார் அவர்.

"கிராஸ் லேக்."

"அந்த ஊர்க்காரங்களுக்கு மீனுக்குப் புகை போடத் தெரியாதே. கருக்கிடுவீங்களே."

"கருகினாலும் முள்ளை எடுத்துட்டுத்தான் தருவோம், தாத்தா. உங்க ஊர்ல அப்படியே முழுங்குறாங்களாமே."

அவர் பாதி வாயால் சிரித்தார். நிற்க வைக்கும்போது விழாமல் பிடித்துக்கொள்வதற்காக அவள் இடுப்பு பெல்ட்டை எடுத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நெற்றி வியர்த்தது. பார்வை எங்கேயோ போய்விட்டது. அவள் பெல்ட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"வேண்டாம்னா வேண்டாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார். சின்ன வயதில் காசநோய் என்று தெற்கே கொண்டுபோனார்களாம், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்றே இருந்த ஆஸ்பத்திரிக்கு. நோய் நெஞ்சில்தான். ஆனால் எழுந்து ஓடக்கூடாதென்று இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். அதற்கும் அடங்காததால் கட்டிலோடு வாரால் கட்டினார்கள். வருஷக்கணக்கில் அப்படிக் கிடந்தார்.

"திரும்பி வந்தப்போ எங்கம்மா க்ரீயில என்னமோ பேசினாங்க. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல," என்றார்.

பெல்ட் இல்லாமலே ரோக்ஸான் தொடங்கினாள். ஒரு உதவியாளர் பின்னாலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இப்ப முழங்கையைத் தொடுறேன், தாத்தா" என்று சொன்ன பிறகே அவள் தொட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் அவர் நடந்துவிட்டார். இவருக்கு யாரும் பெல்ட் கட்டக்கூடாது என்று காலைக் கூட்டத்தில் ரோக்ஸான் காரணத்தோடு சொன்னாள். பிரிவுத் தலைவி பிரெண்டா முதற்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை ஆள் பற்றாக்குறை. ரோக்ஸானுக்குப் பதிலாக டாட் என்ற இளம் ஊழியன் வந்தான். பின்னாலிருந்து பெல்ட்டைச் சுற்றி இறுக்கினான். எலைஜா அலறித் திமிறினார். விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது.

திங்கட்கிழமை பிரெண்டா ரோக்ஸானை அறைக்குள் கூப்பிட்டாள். சுவரில் பூர்வகுடிகளுடனான நல்லிணக்க தினத்துக்கான ஆரஞ்சு நிறச் சுவரொட்டி தொங்கியது.

"நீ போய் அவருக்கு எடுத்துச் சொல்லேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே இனத்து ஆளுங்க. நீ சொன்னா மனசு ஆறும்."

"கட்டினது நான் இல்லையே, பிரெண்டா."

"அதுக்கில்ல. அவர் பாஷையில கேட்டா..."

"அவருக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும். ஆஸ்பத்திரியிலதான் கத்துக்கிட்டார்."

பிரெண்டாவின் முகம் சிவந்தது. டாடையும் கூட்டிக்கொண்டு எலைஜாவிடம் போனாள். ரோக்ஸான் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"கட்டக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நீங்க விழுந்துடுவீங்களோன்னு பயந்துதான் கட்டினேன்," என்றான் டாட்.

எலைஜா அவன் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுல என்னைக் கட்டினவங்களும் எங்க நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க, தம்பி. நீ கெட்ட பையன் இல்ல. ஆனா நான் இனிமே நடக்கமாட்டேன்."

பிரெண்டா மன்னிப்புக் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் ஊருக்கே அனுப்பச் சொன்னார். கிளம்பும் முந்தின நாள் ரோக்ஸான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்க்கலாமே, தாத்தா. நான் மட்டும்தான் இருப்பேன்."

"உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீ வீட்டுக்குப் போயிட்டா இங்க மத்தவங்கதானே இருக்காங்க."



ஏரி உறைகிற சமயத்தில் அவருடைய தங்கை மகள் ஃபோன் செய்தாள். நெஞ்சில் சளி கட்டி முந்தின நாள் போய்விட்டாராம். கடைசி வரைக்கும் எழுந்து நிற்கவேயில்லையாம்.

பெல்ட் பற்றி ஆஸ்பத்திரியில் புது விதி வந்தது. அதை எல்லோருக்கும் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்க ரோக்ஸானைத்தான் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். டாட் முன்வந்தான். முதல் வகுப்பில் எலைஜாவின் பெயரைச் சொல்ல முயன்று, குடும்பப் பெயரில் தடுக்கி நின்றான். பின்வரிசையில் இருந்த ரோக்ஸான் எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் மறுபடி முயன்றான்.