காது வெட்டிய நாய்

நாய் பிடிக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. நாய்க்குப் பிடிக்காமல் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மனிதர்களுக்கும் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் தொட்டையனுக்குப் பதினோரு வருடமாக விளங்காத சங்கதி. அவனுடைய வண்டி தெருவில் நுழைந்தால், வாயில்லா ஜீவனை ஏன் வதைக்கிறாய் என்று சோறு வைக்கிற வீடுகள் சண்டைக்கு வரும். நாலைந்து நாள் கழித்து அதே நாய்களை அதே தெருவில் இறக்கினால், போன சனியனைத் திரும்பக் கூட்டிவந்தாயா என்று மற்ற வீடுகள் சண்டைக்கு வரும். பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது சட்டம். அதைத் தமிழும் கன்னடமுமாகக் கலந்து சொல்லிப் பார்ப்பான், யார் காதிலும் ஏறாது. இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போவான்.

மைசூரின் ரிங் ரோட்டுக்கு வெளியே முளைத்த லேஅவுட் அது. வீட்டுக்கு வீடு கேட்டின் கீழ்க்கம்பியில் சிவப்புத் தண்ணீர் பாட்டில் தொங்கும். குங்குமத்தைக் கரைத்து ஊற்றிக் கட்டிவிட்டால் நாய் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதாம். அந்தப் பாட்டில் மேலேயே நாய்கள் காலைத் தூக்கிவிட்டுப் போவதைத் தொட்டையன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். சொன்னால் அதற்கும் வசவுதான் கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்த லேஅவுட்டில் அவனை ஓர் ஆளாக மதித்துப் பேசியவள் மாதேவி ஒருத்திதான். அவள் ராமாபுரத்துக்காரி, இவன் மார்டள்ளிக்காரன்; இரண்டும் எல்லையோரத்தில் தமிழ் பேசுகிற ஊர்கள். ஊர்ப்பேச்சு காதில் விழுந்த அன்றே அவள் அண்ணா என்று கூப்பிட்டாள், இவன் அம்மிணி என்றான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வாசல் கூட்டி ரங்கோலி போட்டு, மகள் மோகனப்ரியாவைப் பி.யு.சி. படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குச் சொர்ணலதா டீச்சர் வீட்டு வேலை முடியும். டீச்சர் அவளுக்கென்று தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுப்பார். வாசற்படியில் உட்கார்ந்து அதை ஊதி ஊதிக் குடிப்பாள். வேலைக்காரியின் டம்ளர் மதில் மேல்தான் இருக்கும், உள்ளே போகாது. டீச்சரை நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

ஜூன் மாதத் தூறல் விட்டிருந்த ஒரு காலையில் அவளை நாய் கடித்தது. ரங்கோலி போடக் குனிந்திருந்தவளின் வலது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டியடியில் படுத்துக் கிடக்கும் செவலை நாய்தான். மிச்சம் மீதியெல்லாம் அதற்கு அவள் கையால்தான் போகும். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் உமேஷ் போனில் கத்திய கத்தலில், பாதி டிபனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான் தொட்டையன்.

நாயைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. இடது காது நுனியில் ஒரு துண்டு இல்லை. காது வெட்டுதான் அவர்கள் தொழிலின் முத்திரை. பிடித்த நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறி பிடிக்காமலிருக்க ஊசி போட்டு, மயக்கம் தெளிவதற்குள் காது நுனியை வெட்டிவிடுவார்கள். ஆபரேஷன் ஆன நாயை மறுபடி பிடித்துவிடக் கூடாதல்லவா, அதற்கான அடையாளம். வலை வீசுகிற ஆட்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காது வெட்டியிருந்தால் ஊசி போட்ட நாய். அவ்வளவுதான் அவர்கள் படித்த படிப்பு.

மாதேவி கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள். டீச்சர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதாகவும், ஒருமுறை போய் வந்தால் போதாது, திரும்பத் திரும்பப் போகவேண்டுமாம், ஒவ்வொரு முறையும் அரை நாள் வேலை போகும் என்றும் சொன்னாள். பிறகு அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஊசி போட்ட நாய் அம்மிணி. காதைப் பாரு, நாங்க வெட்டுனதுதான். சோப்புப் போட்டு நல்லாக் கழுவிப்போட்டு வேலையைப் பாரு," என்றான்.

"நெசமாத்தானுங்களாண்ணா?"

"பதினோரு வருசமா இதே பொழப்பு. எனக்குத் தெரியாதா?"

அந்த நேரத்தில் அவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உமேஷ் பக்கத்தில் நின்றார், டீச்சர் நின்றார், நாலு வீட்டு ஆட்கள் நின்றார்கள். முதல் தடவையாக அத்தனை பேரும் நாய் பிடிக்கிறவன் சொல்வதை வாய் பேசாமல் கேட்டார்கள். தினமும் சோறு போட்ட கையை ஒரு நாய் காரணமில்லாமல் ஏன் கடிக்கிறது என்று அவன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பெருமை வந்து உட்கார்ந்த இடத்தில் யோசனைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

கடித்த நாயைப் பத்து நாள் அடைத்துவைத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. செவலையை நாய்களுக்குக் கருத்தடை செய்யும் மையத்துக்குக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டான். ஐந்தாம் நாள் அது சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீர்ச் சட்டி வரை வந்து, முகத்தை நீட்டி, உடம்பு உதறத் திரும்பிப் போனது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. ஆறாம் நாள் சாயங்காலம் கம்பியைக் கவ்வியபடியே செத்துக் கிடந்தது.

நாய் டாக்டர் அஷ்வினி சின்ன வயதுப் பெண். ஆனாலும் அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினால் தொட்டையனுக்குக் கை கால் ஓடாது. செவலைக்கு ஆபரேஷன் நடந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அன்று போட்ட ஊசி ஒரு வருடத்துக்குத்தான் தாங்கும், அதன் பிறகு யாரும் போடவில்லை. காது வெட்டு ஆபரேஷனுக்குத்தான் சாட்சி, ஊசிக்கு இல்லை என்றார் டாக்டர். இத்தனை வருடத்தில் இதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. செத்த நாயின் தலையை வெறிநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பேப்பரில் வந்தால் நாய் பிடிக்கும் கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயந்த கான்ட்ராக்டர், வண்டி டிரைவர் அருண்ராஜை விட்டு அன்றைக்கே குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டார்.

போவதற்கு முன் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். கடிபட்ட பெண் ஊசி போட ஆரம்பித்துவிட்டாளா?

ஆரம்பித்துவிட்டாள் என்றான் தொட்டையன்.

நாளைக்கே அவளைக் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டால் இது பொய்யாகாது என்று நினைத்துத்தான் சொன்னான். நாயைத் தொட்டவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டரின் உத்தரவு. மறுநாள் காலை அருண்ராஜோடு பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று கையைக் காட்டிப் போட்டுக்கொண்டான். ஊசி ஏறிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே நேராக லேஅவுட்டுக்குப் போனான்.

மாதேவி படியில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள். காயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் உமேஷ் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருக்கத் தொட்டையன் குரலைத் தாழ்த்தி, எதுக்கும் ஓர் எட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்டால் தேவலை என்றான்.

அவள் சிரித்தாள். "நீங்கதானுங்களேண்ணா வேண்டாம்னு சொன்னீங்க. உங்க பேச்சை நம்பி டீச்சரம்மாகிட்டச் சண்டையே போட்டேன்." பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஏனுங்ண்ணா, அந்த நாய்க்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

இதுதான் அந்த இடம். உண்மையைச் சொல்வதற்கு இரண்டு வார்த்தை போதும். ஆனால் உமேஷ் துடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். நாய் வெறி பிடித்துச் செத்தது என்றால் சாயங்காலத்துக்குள் புகார் போகும். டாக்டரிடம் சொன்ன பொய் வெளியே வரும். பதினோரு வருட வேலை போகும். அவளோ அது ஊசி போட்ட நாய் என்று தெரு முழுக்க அவன் பேரைச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"நல்லா இருக்குது அம்மிணி," என்றான்.

"அப்பொறம் என்னுங்க," என்று அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் வண்டியில் ஏறினான். மறுநாள் டீச்சர் கூட நின்றார். அதற்கு மறுநாள் அவள் வேலையாக இருந்தாள். அவனவன் செய்கிற அயோக்கியத்தனத்துக்கு அவனவன் தொழிலே ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கும் போலிருக்கிறது. தொட்டையனுக்கும் கிடைத்தது. பத்து நாள் கணக்கு. கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் கூண்டைத் திறந்துவிடுவார்கள், பயமில்லை. கடி நடந்து பத்து நாள் தாண்டியது, மாதேவி நன்றாக இருந்தாள். அப்படியானால் இவளுக்கும் பயமில்லை என்று மனசுக்குள் கூண்டைத் திறந்துவிட்டான். பத்து நாள் என்பது நாய்க்கு, மனிதருக்கு மாதக்கணக்கு ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததைத் தெரியாத இடத்தில் தள்ளி வைத்துவிட்டான்.

அப்படி வைத்தும் தூக்கம் வரவில்லை. எந்த ஏரியாவில் வேலை இருந்தாலும் பதினொரு மணிக்கு அந்த லேஅவுட்டைச் சுற்றிக்கொண்டு போவான். வண்டிச் சத்தம் கேட்டதும் நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு மூலைக்கொன்றாகச் சிதறும். அவன் வண்டியை விட்டு இறங்காமல், மாதேவி டம்ளரை வாயில் வைத்து டீ தொண்டையில் இறங்குவதைப் பார்ப்பான். இறங்கிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும். அண்ணனுக்கு என் மேல் என்ன பாசம் என்று அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். அதை டீச்சர் வந்து இவனிடம் சொன்னபோது அங்கேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அன்றாவது சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் மாதேவி படியில் உட்கார்ந்திருந்தாள், டம்ளர் பக்கத்தில் இருந்தது. டீ ஆறி ஏடு படிந்திருந்தது. தழும்பு இருந்த கையைச் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்திருந்தாள். தொட்டையன் இறங்கி ஓடினான்.

மூன்று நாளாகக் கடித்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, நேற்றிலிருந்து காய்ச்சல் வேறு, தொண்டையில் என்னவோ அடைக்கிறது என்றாள். டீயைக் குடி பார்ப்போம் என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் டம்ளரை எடுத்தாள். உதடு வரை கொண்டுபோனாள். கழுத்து நரம்பெல்லாம் வெட்டி இழுக்க, கை உதறி, டீ அவன் காலிலும் அவள் புடவையிலும் கொட்டியது.

"எறங்கமாட்டேங்குதுங்ண்ணா," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

செவலை தண்ணீர்ச் சட்டி வரை வந்து திரும்பிப் போனது அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த ஊசியாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. டீச்சர் மதில் ஓரமாக நின்று என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்க, மாதேவியைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான். பின்னால் கூண்டில் காலையில் பிடித்த மூன்று நாய்கள் கிடந்தன. அவற்றை இறக்கிவிடவேண்டும் என்றுகூட அவனுக்கோ அருண்ராஜுக்கோ தோன்றவில்லை.

முன்சீட்டில் இருவருக்கும் நடுவே மாதேவி உட்கார்ந்தாள். வண்டி வேகம் எடுத்ததும் காற்று முகத்தில் பட்டு அவள் துடித்துப்போனாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். உள்ளே நாய் வாடை அடைத்துக்கொண்டது. ரிங் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது அவள் முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"அண்ணா, அந்த நாய் நல்லாத்தானுங்களே இருக்குது?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அருண்ராஜ் திரும்பித் தொட்டையனைப் பார்த்தான். குழி தோண்டிய கை அது. தொட்டையன் அவனைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் பிழைத்திருக்கக்கூடிய நாட்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. அத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவன், அதே உண்மையை இப்போது அவள் தலையில் இறக்கி என்ன சாதிக்கப் போகிறான்? இனி அது அவளைக் கொல்வதற்கு மட்டும்தான் உதவும்.

"நல்லா இருக்குது அம்மிணி," என்றான்.

முதல் தடவை சொன்ன அதே வார்த்தை. குரல்கூட மாறவில்லை.

"அப்பொறம் என்னுங்க," என்று மாதேவி அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ரெண்டு மணிக்குள்ள வந்தரலாமுங்களாண்ணா? புள்ள சாவி எடுக்காமக் காலேஜுக்குப் போயிருக்கறா."