மதினி உட்காரவில்லை

உங்கள் வீட்டுக்கு வருகிற ஒருத்தி உட்காரவும் மாட்டாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் மாட்டாள் என்றால் அவளை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்?

இசக்கிசெல்வி திமிர் என்றுதான் நினைத்தாள். தார்ப்பாய் மறைப்புக்குள் அந்த மதினியின் தலையைத் தாங்கி, மதினியின் பக்கத்து வீட்டு ஓமனா ஊற்றிய தண்ணீரில் முடியை அலசும்போதும் அந்த நினைப்பு போகவில்லை.

நாச்சியார் அவள் புருஷன் லிங்கராஜின் அக்கா. ராத்திரி படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அதனால் குளிப்பாட்டுகிற வேலை தம்பி பெண்டாட்டிக்கு வந்தது.

நாச்சியாருக்கு வித்துராவில் சொந்த வீடு, பின்னால் கொஞ்சம் ரப்பர் மரம். தம்பி கரமனையில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தான். ஓணம், தீபாவளி என்றால் பை நிறையப் பலகாரத்தோடு பஸ் ஏறி வருவாள். வாசலிலேயே நின்று பேசிவிட்டு நின்றபடியே போய்விடுவாள். காப்பியை நீட்டினால், இப்பதான் குடிச்சேன் என்பாள். நம்ம கட்டில் அவளுக்கு ஆகாது, நம்ம டம்ளர் ஆகாது என்று இசக்கிசெல்வி லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போன தீபாவளிக்கு எல்லாரும் பார்க்கக் காலி டம்ளரைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"எப்படியும் குடிக்கப் போறதில்லல்லா மதினி. பாலை எதுக்கு வேஸ்ட் ஆக்கணும்?"

நாச்சியார் சிரித்துவிட்டாள். சிரித்தவள் சட்டென்று முகம் மாறி, பஸ் போயிரும் என்று விறுவிறுவென இறங்கிப் போனாள். நம்மைப் பார்த்து இளித்துவிட்டுப் போகிறாள் என்று புருஷனிடம் சொன்னாள் இசக்கிசெல்வி. அதிலிருந்து லிங்கராஜ் அக்காவின் போனை எடுக்கவில்லை.

மறைப்புக்குள் மதினியின் பாவாடை நாடாவை அவிழ்க்கப் போனபோது ஓமனா இசக்கிசெல்வியின் கையைப் பிடித்தாள்.

"நீ தள்ளிக்கோ. அது நான் செய்தோளாம்."

அதற்குள் இசக்கிசெல்வி பார்த்துவிட்டாள். பழைய வேட்டியைக் கிழித்து, தடிமனாக மடித்துத் தைத்த துணி. இரண்டு ஊக்குப் போட்டிருந்தது. நனைந்திருந்தது.

ஓமனா குரலைத் தாழ்த்தினாள்.

"மோளைப் பெத்ததுல இருந்து இப்படியாக்கும். தும்மினாப் போகும், சிரிச்சாப் போகும். எங்க உக்காந்தாலும் நனையும்னு பயம். டாக்டர்ட்ட போன்னா நாணக்கேடு. தம்பி வீட்டுக்குப் போணும்னா முந்தின ராத்திரி தொட்டே வெள்ளம் குடிக்க மாட்டா. எதுக்குடீ இந்தப் பாடுன்னா, அவனைப் பார்க்கணும்லான்னு சொல்லுவா."

இசக்கிசெல்வி ஊக்குகளைத் தானே கழற்றினாள். துணியை வாளியில் போட்டு, யாரும் பார்க்காமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

லிங்கராஜ் கடைசிவரை அழவில்லை. எரித்த சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில்தான் அவன் வாய் திறந்தான்.

"நம்ம வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சாளா? அவளுக்கு நான் எதுக்கு அழணும்? நீயே சொல்லு."

அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் மதினியின் மானம் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாருடைய மானம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பஸ் நெடுமங்காடு தாண்டியது.

மறுநாள் காலை, மதினி ஏன் உட்காரவில்லை என்று சொன்னாள். லிங்கராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முழுவதும் கேட்டான். பிறகு வேலைக்குப் போனான்.