உறைக்குள் ஒரு சிட்டிகை

2001 அக்டோபர் 18, வியாழக்கிழமை, நியூஜெர்சி மாநிலம் ஹாமில்டனில் உள்ள தபால் பிரிப்பு நிலையம் மூடப்பட்டது.

அன்று மாலைச் செய்தியில் அதைச் சொன்னபோது வான்மதி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயருக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருந்தது அவர்கள் அபார்ட்மென்ட். ஹாலில் அவளுடைய மாமனார் மணியன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேயத்தில் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆகஸ்டில் வந்திருந்தார். செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அவர் டிவியை அணைப்பதில்லை. ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்கள் ஹாமில்டன் வழியாகத்தான் போயிருக்கின்றன என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். எப்படிப்பட்ட தபாலைக் கண்டால் தொடக்கூடாது என்று திரையில் வரிவரியாகப் போட்டார்கள். தேவைக்கு மேல் ஒட்டிய ஸ்டாம்ப். கையால் எழுதிய முகவரி. அனுப்பியவர் பெயர் இல்லாமை. விசித்திரமான குறிகள். தூள்.

"அம்மணி," என்று மணியன் கூப்பிட்டார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "அடுப்பை அமத்திப்போட்டு இங்க வா கண்ணு."

மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"அந்த டீக்காரனுக்கு அனுப்புனமே கவரு, அது இந்த ஊரு வழியாத்தான் போகுமா?"

அவள் டீ ருசி பார்த்துச் சொல்லும் கம்பெனி பிரின்ஸ்டன் பக்கம் இருந்தது. அந்த வழியாகத்தான் போகும் என்று வான்மதிக்கும் தோன்றியது.

"போகும்னு நெனைக்கறேனுங்க மாமா. ஏனுங்க?"

அவர் டிவியைக் கைகாட்டினார். திரையில் இன்னும் அந்த வரிகளே இருந்தன.

வான்மதி கோயம்புத்தூரில் உணவு அறிவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். கணவன் மதனின் வேலை விசாவை ஒட்டி வந்ததால் இங்கே அவள் வேலைக்குப் போக முடியாது. போன வருடம் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு அட்டையைப் பார்த்து, வாசனை டீக்களை வீட்டிலிருந்தே ருசி பார்த்துச் சொல்லும் குழுவுக்குப் பெயர் கொடுத்தாள். சம்பளம் கிடையாது. பெயர் போடாமல் எண் மட்டும் போட்ட பொட்டலங்கள் வரும். கொதித்த நீரை ஊற்றி, நான்கு நிமிடம் மூடி வைத்து, பால் சர்க்கரை இல்லாமல், முதலில் முகர்ந்து, பிறகு காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டுத் துப்ப வேண்டும். மணம், நிறம், துவர்ப்பு, துப்பிய பின் நாக்கில் என்ன நிற்கிறது என்று மதிப்பெண் அட்டையில் எழுதி, கூடவே வரும் கவரில் திருப்பி அனுப்ப வேண்டும். குழுவைக் கவனித்துக்கொண்ட டயான் என்ற பெண் ஒவ்வொரு முறையும் பொட்டலத்தோடு கையால் நாலு வரி எழுதுவாள். சென்ற முறை, 'உங்களுக்கு வொர்க் பெர்மிட் வந்ததும் என்னிடம் சொல்லுங்கள், எங்கள் லேபில் ஆள் தேவைப்படும்' என்று எழுதியிருந்தாள். அந்தக் காகிதத்தை வான்மதி மடித்துத் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தாள்.

மணியன் வந்தபிறகு ருசி பார்ப்பது இருவர் வேலையானது. அவர் கோப்பையில் வாய் வைக்கமாட்டார். எவ்வளவு சூடானாலும் டம்ளரில் மாற்றித் தூக்கித்தான் குடிப்பார். துப்பவும் மாட்டார். "வாயில ஊத்துனதைத் துப்பறதுக்கு அது என்ன வெசமா?" என்பார். செவ்வாய்க்கிழமை ஐந்து பொட்டலங்கள். ராஸ்ப்பெரிக்கு, "நெஞ்சுச் சளிக்கு டாக்டர் குடுக்கற செகப்புத் தண்ணி." பீச்சுக்கு, "சோப்பு போட்டுக் குளிச்சவன் முதுகை மோந்த மாதிரி இருக்குது." புகை போட்ட ஒன்றை விழுங்கிவிட்டு நெடுநேரம் யோசித்து, "ரயில் எஞ்சின்," என்றார். வான்மதிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் சொன்னதையெல்லாம் கௌரவமான ஆங்கிலமாக்கி அட்டையில் எழுதினாள். மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, நடந்துவிட்டு வருகிறேன், கவரையும் போட்டுவிடுகிறேன் என்று கதவுக்கு வெளியிலிருந்து சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

"அவிய குடுத்த கவரு ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு," என்றார் இப்போது. "அதனால வேற கவர்ல போட்டு நாந்தான் அட்ரஸ் எழுதுனேன். பெரிய எழுத்துல. ஸ்டாம்ப்பு எவ்வளவுன்னு தெரியல, பத்தாமப் போயிருமோன்னு கையில இருந்ததை எல்லாம் ஒட்டிப்போட்டேன்."

"அது பரவால்லீங்க மாமா."

"மேல பிள்ளையார் சுழி போட்டேன்."

வான்மதி டிவியைப் பார்த்தாள்.

"உள்ள," என்று நிறுத்தினார். "அந்த அட்டை மடிப்புல கொஞ்சம் துன்னூறு வெச்சேன் கண்ணு. சிவன்மலைத் துன்னூறு. உனக்கு அந்த வேலை ஆகோணும்னு."

மதனின் எஞ்சினியரிங் விண்ணப்பத்தில் அவர் இப்படித் திருநீறு வைத்திருக்கிறார். விசா காகிதங்களில் வைத்திருக்கிறார். பொருத்தம் பார்த்த பின் வான்மதியின் ஜாதகம் அவளுடைய வீட்டுக்குத் திரும்பிப் போனபோது அதன் மடிப்பிலும் இருந்தது. அவளுடைய அப்பா அதைப் பார்த்துவிட்டு, நல்ல இடம் என்று சொன்னதை அவள் மறக்கவில்லை. சாம்பல் நிறம்கூட இல்லை அது. சலித்துச் சலித்து வெள்ளையாக, விரலில் ஒட்டினால் போகாத அளவுக்கு மிருதுவாக இருக்கும்.

கையில் இருந்த மாவை அப்போதுதான் கவனித்தாள். போய்க் கழுவினாள்.

மதன் எட்டு மணிக்கு வந்தான். கீழ் மன்ஹாட்டனுக்கு ஆற்றுக்கு அடியில் போகும் பாத் ரயில் நின்றுபோனதிலிருந்து முப்பத்துமூன்றாம் தெருவுக்குச் சுற்றிப் போய்வருகிறான். வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. அவனோடு சேர்ந்த மூன்று பேரை அந்த மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். கேட்டு முடித்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யார்கிட்டயும் சொல்லலியே?"

"இல்ல."

"அப்பா, உங்களுக்கு ஏன்ப்பா இந்த வேலை? இது என்ன நம்ம சொசைட்டி ஆபீஸா?"

"விடுங்க," என்றாள் வான்மதி. "திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. கீழ போய்ப் பாக்கலாமா? டப்பாவுலயே கெடந்தா?"

கிடக்காது என்று இருவருக்கும் தெரியும். நேற்றுக் காலை போட்டது. ஆனாலும் இறங்கிப் போனார்கள். தெருமுனையில் நீலத் தபால் பெட்டி. மதன் கைப்பிடியை இழுத்து உள்ளே பார்த்தான். பிறகு இன்னொரு முறை இழுத்து, தலையைக் குனிந்து, பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். பின்னால் ஒரு போலீஸ் கார் வேகம் குறைந்து நின்றதை வான்மதிதான் முதலில் உணர்ந்தாள். ஜன்னல் இறங்கியது. எல்லாம் சரிதானே என்று உள்ளே இருந்தவர் கேட்டார். கடிதம் போட வந்தோம் என்றான் மதன். போலீஸ்காரர் அவனுடைய வெறும் கைகளைப் பார்த்தார். பிறகு அவளுடைய கைகளை. பிறகு பெட்டியை. போட்டாயிற்று என்று வான்மதி சொன்னாள். கார் அவர்களுடைய கட்டிட வாசல்வரை அவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து, பிறகு திரும்பிப் போயிற்று.

படியேறும்போது மதனுக்கு மூச்சு வாங்கியது. "நம்பர் நோட் பண்ணிருப்பான்."

"நாம நடந்துதானே வந்தோம். என்ன நம்பர்?"

"வீட்டு நம்பர், வானு."

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. வான்மதி காலையில் கம்பெனிக்கு போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றாள். மதன் வேண்டாம் என்றான். பின்தெரு மளிகைக்கடைக்காரரின் தம்பியை மூன்று வாரத்துக்கு முன் போலீஸார் விசாரிக்க அழைத்துப் போனார்கள். இன்னும் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. "அவன் ஒண்ணுமே பண்ணல. நாம பவுடர் அனுப்பிருக்கோம். call பண்ணி நாமளே போய் மாட்டணுமா? லாயர்கிட்ட கேப்போம்."

"லாயர் எப்ப call back பண்ணுவாரு?"

"Monday."

"அதுக்குள்ள டயான் பிரிச்சிருவா. அவளுக்குக் கொழந்தைங்க இருக்காம். எழுதிருந்தா."

"அது துன்னூறுதானே! அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அவளுக்கு அது தெரியாதே."

மணியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பண்ணுனதுன்னு சொல்லீரு மதனு. வயசானவன், இந்த ஊரு வழக்கம் தெரியாம பண்ணிப்போட்டான்னு சொல்லு. என்னைத்தானே புடிப்பாங்க."

மதன் அப்பாவைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனான். படுக்கையறையில் அவன் ஷூவோடு படுத்திருந்ததை வான்மதி பிறகு பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவளே போன் செய்தாள். டயானின் குரலை முதல்முறையாகக் கேட்டாள். எழுத்தைப் போலவே உருண்டையாக இருந்தது. ஐந்து டீயும் பிடித்திருந்ததா என்று டயான் கேட்டாள். வான்மதி ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள்: என் கவருக்குள் கொஞ்சம் சாம்பல் இருக்கிறது, அது கோயிலில் கொடுப்பது, ஆபத்தில்லை, தயவுசெய்து பயப்படாதீர்கள். எதன் சாம்பல் என்று கேட்டாள் டயான். இந்தக் கேள்வியை வான்மதி எதிர்பார்க்கவில்லை. பசுஞ்சாணத்தை எரித்தது என்று உண்மையைச் சொன்னாள். சொன்ன உடனேயே சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. லைனில் இருங்கள் என்று டயான் சொன்னாள். அதற்குப் பிறகு டயான் வரவில்லை. ஓர் ஆண் குரல் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னது, முகவரி கேட்டது, வீட்டில் யார் யார் என்று கேட்டது, மாமனார் எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தார் என்று கேட்டது. வியாழன் முதல் தங்களுக்குத் தபாலே வரவில்லை என்றது. வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்றது.

மதன் அன்று வேலைக்குப் போகவில்லை. பாஸ்போர்ட்டுகளை மேசையில் எடுத்து அடுக்கினான். அடுக்கி வைத்தால் முன்கூட்டியே தயாராக இருந்ததுபோல் தெரியும் என்று மறுபடி உள்ளே வைத்தான். வான்மதி சமையலறைக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அரிசி மாவு, மைதா, ஆப்ப சோடா, பொடித்த கல்லுப்பு, கோலப்பொடி, இட்லிக்கு வறுத்து வைத்த ரவை. எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் ஊறுகாய் பாட்டிலிலும். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. மூடியைத் திறக்காமலே எது எதென்று தெரியும் அவளுக்கு. கொட்டிவிடலாமா என்று ஒரு பாட்டிலை எடுத்தாள். கொட்டினால் ஸிங்க்கில் வெள்ளையாக நிற்கும். திரும்ப வைத்தாள்.

இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. மதன் கதவை நோக்கிப் போனவன் பாதியில் நின்று திரும்பினான்.

"அப்பா. நெத்தியில."

மணியனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கோடுகள் போகவில்லை, எச்சில் தொட்டு மறுபடி அழுத்தித் துடைத்தார். நெற்றி சிவந்துவிட்டது.

வந்தவர்கள் விசாரணை அதிகாரிகள் இருவர், ஓர் ஆண், ஒரு பெண். அட்டைகளைக் காட்டினார்கள். அந்தப் பெண் கையுறை போட்டிருந்தாள். மரியாதையாகத்தான் பேசினார்கள். யார் எழுதியது, யார் ஒட்டியது, எந்தப் பெட்டி, ஏன் அத்தனை ஸ்டாம்ப். பிள்ளையார் சுழியை மதன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினான். கீழே உள்ள இரண்டு கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று அந்த ஆள் கேட்டார். ஒன்றையும் குறிக்கவில்லை, ஆரம்பம் என்று மட்டும்தான் என்றான் மதன். எதன் ஆரம்பம் என்றார் அவர். மதன் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தான்.

அந்தப் பெண் தூளைக் காட்டச் சொன்னாள். மணியன் உள்ளே போய்ச் சின்ன மஞ்சள் துணிப்பையைக் கொண்டுவந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கும்படி அவள் கைகாட்டினாள். மணியன் தள்ளி நிற்கவில்லை. இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது என்று தவித்தவர்போல் முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து, அண்ணாந்து, தினமும் காலையில் செய்வதுபோல் வாயில் போட்டுக்கொண்டார்.

பெண் பின்னால் பாய்ந்தாள். ஆளின் கை கோட்டுக்குள் இடுப்புக்குப் போயிற்று. "ஸ்டாப்!" என்று கத்தினார். மணியன் இரண்டு கைகளையும் தூக்கினார். விரல் நுனியிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் கம்பளத்தில் உதிர்ந்தது. யாரும் அசையவில்லை. மணியனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"நோ பாய்ஸன், சார்," என்றார். "காட். ஒன்லி காட்."

வான்மதி அவருக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் துணிப்பையை எடுத்துப் போனார்கள். சமையலறையில் எல்லா பாட்டில்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மீதமிருந்த டீப் பொட்டலங்களையும், ருசி பார்த்துவிட்டுக் கழுவாமல் வைத்திருந்த ஒரு கோப்பையையும்கூட. மணியனை அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்துவிட்டு, இரவு பத்து மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை மதன் ஜன்னலிலிருந்து நகரவில்லை.

அடுத்த புதன்கிழமை போன் வந்தது. எந்த மாதிரியிலும் ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். கவரைப் பற்றி வான்மதி கேட்டாள். ஹாமில்டனில் தங்கிப்போன தபால்களை இன்னும் பிரிக்கவில்லை, அது கிடைக்கும்வரை விசாரணை முடிந்ததாகச் சொல்ல முடியாது என்றாள்.

மணியன் நவம்பர் முதல் வாரத்தில், மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே, ஊருக்குத் திரும்பினார். மதனுக்கு டிசம்பரில் கான்ட்ராக்ட் நீட்டிப்புக் கிடைத்தது, மூன்று மாதத்துக்கு மட்டும். அதே மாதம் டீக் கம்பெனியிலிருந்து அச்சடித்த ஒரு கடிதம் வந்தது. வீடுகளுக்கு மாதிரி அனுப்பி ருசி பார்க்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டதாக அதில் இருந்தது. கீழே டயானின் கையெழுத்தும் அச்சில்தான் இருந்தது. வான்மதி அனுப்பிய கவர் அதுவரை எங்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.