அரைப் பெருக்கல் குறி

கம்பளத்தை உரித்ததும் பலகைத் தரை முழுக்கத் துருப்பிடித்த பின்கள் பல்லிளித்தன. காலையிலிருந்து குறடால் பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கு விரல்கள் மரத்துவிட்டன. திங்கட்கிழமை மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறாள். இடுப்பெலும்பு முறிந்தவள் இனி மாடி ஏற முடியாது. அதற்குள் இந்தக் கீழறைக்கு டைல்ஸ் போட்டாக வேண்டும்.

மூட்டுவலிக்காரியான தன் அம்மாவைக் கீழே கொண்டுவர நான்கு மாதத்துக்கு முன் அவள் கணவன் தொடங்கிய வேலை இது. பாதிக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, பலகை முனகிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தான். கடைசிக் குறிக்கு ஒரு கோடுதான் இழுத்திருந்தான். தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவந்தபோது குடிக்க ஆளில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரட்டும் என்று யாரோ கம்பளத்தைத் திரும்ப விரித்துவிட்டார்கள். அறை அப்படியே கிடந்தது. போன மாதம் மாமியார் மாடிப்படியில் விழுந்தாள்.

கொழுந்தன் குறிகள்மேல் நடந்து பார்த்தான். சத்தமே இல்லை.

“எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு அண்ணி. மேலே சிமென்ட் போர்டை அடிச்சு மூடிடலாம்.”

“நீ நடந்தா எறும்பு நடந்த மாதிரி. தரைக்குத் தெரிய வேண்டாமா?”

“சோறு போட்டு வளர்க்காம என்னைக் குத்தம் சொல்றீங்க!”

“முனகுற பலகையை ஸ்க்ரூ போட்டு அடக்காம விட்டா ஒரே மாசத்துல டைல்ஸ் விரிசல் விடும்னு உங்கண்ணன் தலைபாடா அடிச்சுக்கிட்டார். அத்தையும் அவரை மாதிரியே கனமான உடம்பு. நாற்காலி வேற.”

அவளும் நடந்து பார்த்தாள். ஐம்பத்திரண்டு கிலோவுக்குப் பலகை வாய் திறக்கவில்லை. கணவன் எண்பது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் டைல்ஸ் ஒட்டும் பசை மூட்டை நின்றது, இருபத்தைந்து கிலோ.

“இதைத் தூக்கி என் தோள்ல வை.”

“நான் சுமக்கிறேன் அண்ணி.”

“நீ காதை வை. ஸ்க்ரூ மெஷின் பிடிக்கத் தெரிஞ்சவன் நீதான்.”

மூட்டை ஏறியதும் சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். கொழுந்தன் மண்டியிட்டபடி, “அண்ணன் எடைக்கு இன்னும் மூணு கிலோ குறையுதே. சுத்தியலையும் தரட்டுமா?” என்றான். சிரிக்கத் தெம்பில்லாமல் அவள் முதல் குறியின்மேல் கால் வைத்தாள்.

பலகை முனகியது.

அதன்பின் குறிக்குக் குறி அவள் நின்றாள், அது முனகியது, அவன் பலகையைத் தாங்கும் அடிக்கட்டை வரை ஸ்க்ரூ இறக்கினான், அவள் மறுபடி மிதித்துப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒற்றைக் கோடு மட்டும் மிச்சம். அதன்மேல் ஏறினாள். மற்றவற்றைவிடத் தாழ்ந்த, இழுத்த சத்தம். இறங்கினாள். மறுபடி ஏறினாள். இன்னொரு தடவையும். கொழுந்தன் மெஷினைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்த இன்னொரு கோட்டையும் இழுத்துடு.”

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இழுத்தான். கோடு கோணலாக விழுந்தது.

“ம், போடு.”

ஸ்க்ரூ இறங்கியது. மிதித்தாள். சத்தமில்லை.

“போதும் அண்ணி, மூட்டையை இறக்குங்க.”

“ஜன்னல் பக்கம் அவர் பார்க்கவே இல்லையே” என்றாள். மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு, குறியில்லாத பாதியை நோக்கி நடந்தாள்.